புதுப்பிப்பு: வாலிபருக்கு வேதபாடம் நடத்திய இரண்டு வாரங்கள்

இரண்டு வாரக் கிறிஸ்தவ ஊழியப் பயணமாக அயல்நாடு சென்று வாலிபருக்கு வேதபாடம் நடத்தவிருப்பதைச் சொல்லி, அத்தனை குறுகிய காலத்தில் என்ன கற்பிக்க இயலும் என்று முன்பு கேட்டிருந்தேன். பாடங்களைக் குறைத்து உள்ளூர் ஊழியரை முன்னிறுத்துமாறு பலர் எழுதினீர்கள். திரும்பி வந்துவிட்டேன். அந்த ஆலோசனைக்கு மனமார்ந்த நன்றி.

ஆயத்தம் செய்த 12 பாடங்களில் 5 மட்டுமே நடந்தன. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்வதால், ஒரு மணி நேர வகுப்பில் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய அரை மணி நேரமே என்பதைப் புறப்படும் முன்பே கணக்கிட்டிருக்க வேண்டும். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகனுக்குத் தகப்பன் விருந்து வைக்க, மூத்த மகன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்பதைச் சொல்லும் உவமை லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் கெட்ட குமாரன் உவமை. அதை நான் விளக்கியபோது பேசாமல் இருந்தவர்கள், நடித்துக் காட்டச் சொன்னதும் எழுந்து வந்தார்கள். மூத்த மகனாக நடித்த பையன் உள்ளே வர மறுத்து வாசலிலேயே நின்றான். தகப்பனாக நடித்தவன் அவன் கையைப் பிடித்து நெடுநேரம் வருந்தி அழைத்தான். மூத்த மகன் உள்ளே போனானா என்று சொல்லாமலே அந்த உவமை முடிகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசி இரண்டு நாட்களும் உள்ளூர் வாலிபர் தலைவரே பாடம் நடத்த, நாங்கள் பின்வரிசையில் அமர்ந்தோம். முதல் நாளிலேயே அப்படிச் செய்யாதது என் வருத்தம். அடுத்த பாடத்தை அவரே தேர்ந்தெடுத்திருக்கிறார், அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.