விசுவாசம்தான் இவங்களை மாத்துச்சுன்னு எதை வச்சு சொல்றோம்? சபை சரித்திரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவுங்க

மெழுகுதிரி:

எல்லாருக்கும் வணக்கம். வாலிபர் கூடுகைல நாலு வாரம் சபை சரித்திரம் எடுக்கச் சொல்லிருக்காங்க. முதல் வாரம் ஆதி சபை பிதா அகஸ்டின், ஜெர்மனில சபை சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச லூத்தர், இங்கிலாந்துல மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச வெஸ்லின்னு ஆரம்பிச்சேன், பாதிலயே ஒரு பொண்ணு எழுந்து "அக்கா, எல்லா கதையும் ஒரே மாதிரி இருக்கே, முதல்ல கெட்டவரு, அப்புறம் விசுவாசிச்சாரு, அப்புறம் பெரிய ஆளாயிட்டாரு. லூத்தர் ஜெயிச்சதுக்கு அச்சு மிஷினும் ஜெர்மன் பிரபுக்களும் காரணம்னு படிச்சிருக்கோம், இதுல விசுவாசம் எங்க வருது?"ன்னு கேட்டா. எனக்கு சட்டுனு பதில் வரல. அவ கிண்டலா கேக்கல, தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டா, அதான் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

பிரசங்கம் மாதிரி வேண்டாம். ஒருத்தரோட வாழ்க்கைல விசுவாசம் எந்த இடத்துல நுழைஞ்சுது, அதனால எது மாறுச்சுன்னு தெளிவா காட்டக்கூடிய சம்பவங்கள் இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

பழையஏடு:

நல்ல கேள்வி சிஸ்டர். அந்த பொண்ணு சொன்னதுல தப்பே இல்ல, அச்சு மிஷின் இல்லாட்டி லூத்தர் எழுதினது அவ்வளவு வேகமா பரவிருக்காது, சாக்சனி பிரபு பாதுகாப்பு குடுக்கலன்னா 1521ல வோர்ம்ஸ் நகரத்துல பேரரசர் முன்னாடி நடந்த விசாரணை முடிஞ்சதும் அவர் கதை முடிஞ்சிருக்கும். ஆனா அது லூத்தர் எப்படி பிழைச்சார்ங்கிறதுக்கு பதில். அவர் ஏன் அங்க போய் நின்னாருங்கிறதுக்கு அது பதில் இல்ல. ரெண்டையும் பிரிச்சு காட்டுங்க, பிள்ளைங்க புரிஞ்சுக்குவாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு சங்கிலி இருக்கு, அதை சொல்றேன். எல்லாமே யாரோ வாசிச்சதை இன்னொருத்தர் கேட்டதுதான். கிட்டத்தட்ட 270ஆம் வருஷம், எகிப்துல அந்தோணின்னு ஒரு வாலிபர், 18 இல்ல 20 வயசு இருக்கும், அப்பா அம்மா இறந்துட்டாங்க, ஒரு தங்கச்சி, நல்ல விளைச்சல் நிலம் நிறைய. ஆராதனைக்கு போனப்போ மத்தேயு 19:21 வாசிக்கிறாங்க, "போய், உனக்கு உண்டானவைகளை விற்று, தரித்திரருக்குக் கொடு". எத்தனையோ பேர் அந்த வசனத்தை கேட்டிருப்பாங்க, இவர் வெளிய வந்து நிலத்தை ஊர்க்காரங்களுக்கு குடுத்துட்டு, தங்கச்சிய விசுவாசமான பெண்கள்கிட்ட ஒப்படைச்சுட்டு போயிட்டாரு. துறவிகளோட பாலைவன வாழ்க்கைக்கு பெரிய முன்மாதிரியா ஆனது இவர்தான்.

நூறு வருஷத்துக்கு மேல ஓடிருச்சு. 386, மிலான். அகஸ்டின் வீட்டுக்கு பொன்டிசியானுஸ்னு ஒரு அரண்மனை அதிகாரி வர்றாரு, மேஜைல பவுலோட நிருபம் இருக்கிறத பாத்துட்டு பேச்சு அந்தோணி பக்கம் போகுது, அவர் சரித்திரத்தை வாசிச்சே ரெண்டு அதிகாரிங்க வேலைய விட்டுட்டாங்கன்னு சொல்றாரு. அகஸ்டினுக்கு உள்ளுக்குள்ள புயலே அடிக்குது. தோட்டத்துக்கு போறாரு, அழறாரு, பக்கத்து வீட்டுல இருந்து ஒரு பிள்ளை குரல் "எடுத்து வாசி, எடுத்து வாசி"ன்னு. இத கடவுளோட கட்டளைன்னு எடுத்துக்கிட்டதுக்கு காரணத்தையும் அவரே எழுதிருக்காரு, அந்தோணிக்கு ஒரு வாசிப்பு அப்படி பேசுச்சுன்னு அந்த நேரம் ஞாபகம் வந்துச்சாம். திறந்தா ரோமர் 13, "கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளுங்கள்". அடுத்த வருஷம் ஞானஸ்நானம்.

லூத்தர் 1505ல போய் சேர்ந்த மடமே அகஸ்டின் பேர்ல உள்ள மடம்தான். ரோமர் 1:17 அவரை வருஷக்கணக்கா வாட்டுச்சு, "விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்". தேவநீதின்னா தண்டிக்கிற நீதின்னு நினைச்சு பயந்துக்கிட்டே இருந்தவருக்கு, அது தேவன் இலவசமா குடுக்கிற நீதின்னு புரிஞ்சப்போ கதவு திறந்த மாதிரி இருந்துச்சுன்னு பின்னாடி எழுதுறாரு. அப்புறம் அகஸ்டின வாசிச்சா அவரும் அதே அர்த்தத்தைத்தான் சொல்லிருக்காரு.

அப்புறம் வெஸ்லி. 1738 மே 24 சாயங்காலம், லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவுல ஒரு சின்ன கூட்டம், விருப்பமே இல்லாமதான் போறாரு. அங்க ஒருத்தர் ரோமருக்கு லூத்தர் எழுதின முன்னுரைய வாசிக்கிறாரு. மணி ஒன்பதுக்கு கால் மணி முன்னாடி இதயத்துல ஒரு விசித்திரமான அனல் பரவுச்சுன்னு டைரில குறிச்சு வச்சிருக்காரு, மணி உள்பட. அதே வெஸ்லி 1791 பிப்ரவரி 24, சாவுக்கு ஒரு வாரம்கூட இல்ல, அன்னிக்கு காலைல ஒரு ஆப்பிரிக்கர் எழுதினத வாசிச்சுட்டு, அடிமை வியாபாரத்தை எதிர்த்துக்கிட்டு இருந்த எம்.பி. வில்பர்ஃபோர்ஸுக்கு விட்டுறாதீங்கன்னு லெட்டர் போடுறாரு.

அந்தோணில இருந்து பிரிட்டிஷ் பார்லிமென்ட் வரைக்கும் ஒரே நூல். அந்த பொண்ணுக்கு இதை போர்டுல வரைஞ்சு காட்டுங்க.

கரையோரம்:

பழையஏடு அண்ணா சொன்னது அருமை. வெஸ்லி பத்தி ஒண்ணு சேர்க்கணும், ஆல்டர்ஸ்கேட்டுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே அவரை உடைச்சது ஒரு கப்பல். 1736 ஜனவரி, அமெரிக்காவுக்கு குருவா போறாரு, கடல்ல பயங்கர புயல். மொராவியர்னு ஜெர்மன் விசுவாசிகள் ஒரு கூட்டம் அதே கப்பல்ல சங்கீதம் பாடி ஆராதனை பண்ணிக்கிட்டு இருக்காங்க. பெரிய பாய் கிழிஞ்சு தண்ணி உள்ள கொட்டுது, இங்கிலீஷ்காரங்க அலறுறாங்க, இவங்க பாட்ட நிறுத்தவே இல்ல. முடிஞ்சதும் வெஸ்லி ஒருத்தர்கிட்ட போய் பயமா இல்லையான்னு கேக்குறாரு. இல்லங்கிறாரு. உங்க பொம்பளைங்க, பிள்ளைங்க? அவங்களுக்கும் சாக பயமில்லங்கிறாரு.

வெஸ்லிக்கு பயமா இருந்துச்சு, அதுதான் விஷயம். ஊழியக்காரர், ஆக்ஸ்ஃபோர்ட்ல படிச்சவர், உபவாசம் ஜெபம் எல்லாம் ஒழுங்கா பண்றவர், அவருக்கு இல்லாத ஒண்ணு சாதாரண குடும்பங்கள்கிட்ட இருக்குன்னு கண்ணால பாத்தாரு. "கெட்டவர் நல்லவரானார்" கதை இங்க செல்லாது பாருங்க, இவர் ஏற்கெனவே நல்லவர்தான்.

உள்அறை:

தயவு செஞ்சு 'அமேசிங் கிரேஸ்' பாட்டு எழுதின ஜான் நியூட்டன் கதைய ஒரே ராத்திரில மாறுன கதையா சொல்லிடாதீங்க, நான் சின்ன வயசுல அப்படித்தான் கேட்டேன், பின்னாடி உண்மை தெரிஞ்சப்போ ஏமாத்திட்டாங்கன்னு தோணுச்சு. 1748 மார்ச்ல புயல்ல கப்பல் முழுகப் போறப்போ கடவுளை கூப்பிட்டாரு, சரிதான். ஆனா அதுக்கு அப்புறமும் அடிமைக் கப்பலுக்கு கேப்டனா போனாரு. கீழ மனுஷங்களை சங்கிலில கட்டி வச்சுட்டு மேல ஜெபம் பண்ணாரு. 1754ல நிறுத்தினதுகூட உடம்பு முடியாமதான். அந்த வியாபாரத்தை எதிர்த்து வெளிப்படையா எழுதினது 1788ல, 34 வருஷம் கழிச்சு, அதுல நானும் அதுக்கு கருவியா இருந்தேன், நினைச்சா நெஞ்சு நடுங்குதுன்னு ஒத்துக்கிட்டாரு.

இப்ப எனக்கு இந்த கதைதான் பெருசா தெரியுது. 1785 டிசம்பர்ல, நியூட்டன் குருவா இருந்தப்போ, வில்பர்ஃபோர்ஸ் அவரை பாக்க ரகசியமா வர்றாரு, உள்ள போகவா வேண்டாமான்னு அவர் வீடு இருந்த சதுக்கத்தை ஒண்ணு ரெண்டு தடவை சுத்துறாரு. நியூட்டன் அவரை அரசியலை விட்டுட்டு வான்னு சொல்லல, அங்கயே இருன்னு தைரியம் குடுத்தாரு. அப்புறம் அடிமை வியாபாரத்தை ஒழிக்கிற மசோதா தோத்து தோத்து 1807ல 283க்கு 16ன்னு ஓட்டு விழுந்துச்சு. அந்த வருஷ டிசம்பர்லதான் நியூட்டன் இறந்தாரு.

மறுபக்கம்:

நானும் விசுவாசிதான், ஆனா இதை யாராவது சொல்லணும். அடிமைகளை வச்சிருந்தவங்களும் அதே வேதத்தைத்தான் கைல வச்சிருந்தாங்க. அதே 1807ல லண்டன்ல மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்குன்னு வெட்டி எடுத்த ஒரு வேதாகமம் அச்சாச்சு, அதுல இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வெளிய வர்ற பகுதி கிடையாது. வாசிச்சா என்ன ஆகும்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. லூத்தரும் 1543ல யூதர்களை பத்தி எழுதினது படிக்கவே கொடுமை.

சங்கிலில லாஸ் காசாஸையும் சேருங்க. ஸ்பெயின் நாட்டு குரு, கியூபால பூர்வகுடிகளை தனக்கு வேலை செய்ய வச்சிருந்தவர். 1514ல பெந்தெகொஸ்தே பிரசங்கத்துக்கு தயார் பண்றப்போ கத்தோலிக்க வேதாகமத்துல இருக்கிற சீராக் புத்தகம் 34ஆம் அதிகாரம் கண்ணுல படுது, ஏழையோட அப்பத்தை பறிக்கிறவன் கொலைகாரன்னு. தன்கிட்ட இருந்தவங்களை விட்டுட்டு, மிச்ச ஆயுசு முழுக்க அவங்களுக்காக வாதாடினாரு. அவரும் முழுசா தெளிஞ்சவர் இல்ல, பதிலுக்கு ஆப்பிரிக்க அடிமைகளை கொண்டு வரலாம்னு சொல்லி, பின்னாடி அதுக்கு ரொம்ப வருந்தினாரு. இதை மறைக்காம சொன்னாத்தான் அந்த பொண்ணு உங்களை நம்புவா.

மணியோசை:

எல்லாரும் தனி ஆட்களை பத்தியே பேசுறீங்க, பாரம்பரியம் எப்படி உருவாச்சுன்னும் ஒரு வாரம் எடுங்களேன். 6ஆம் நூற்றாண்டுல பெனடிக்ட் எழுதின மட ஒழுங்கு 73 அதிகாரம், அதுல பெரிய தத்துவம்னு கம்மி, தினசரி விஷயம்தான் நிறைய. மடத்து பாத்திரம், கருவி எல்லாத்தையும் பலிபீடத்து பாத்திரம் மாதிரி பாத்துக்கணும். வர்ற விருந்தாளி யாரா இருந்தாலும் கிறிஸ்துவே வந்த மாதிரி ஏத்துக்கணும். சாப்பிடுறப்போ ஒருத்தர் வாசிக்கணும், அவர் குரலைத் தவிர வேற சத்தமே கேக்கக்கூடாது, ஏதாவது வேணும்னா சைகைல கேக்கணும். பழையஏடு சொன்ன அந்த வாசிச்சு கேக்குற விஷயம், இங்க சாப்பாட்டு மேஜைக்கே வந்துருச்சு. 1500 வருஷமாகப் போகுது, இன்னும் அதை வச்சு மடங்கள் நடக்குது.

மெழுகுதிரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒண்ணு விடாம எழுதி வச்சுக்கிட்டேன். அடுத்த வாரம் நான் பேசுறத குறைச்சுட்டு ஒவ்வொரு பகுதியையும் பிள்ளைங்களையே சத்தமா வாசிக்க வைக்கப்போறேன். மறுபக்கம் சொன்ன 1807 வேதாகமத்தையும் கண்டிப்பா சொல்லுவேன். ஒரே ஒரு குறை, எல்லாமே ஆம்பளைங்க. அந்த பொண்ணு அடுத்து அதைத்தான் கேப்பா.

உள்அறை:

பெர்பெதுவா! 203, ரோமர் ஆட்சில இருந்த வட ஆப்பிரிக்க நகரம் கார்த்தேஜ். கிட்டத்தட்ட 22 வயசு, கைல பால் குடிக்கிற குழந்தை, ஜெயில்ல அவளே எழுதின குறிப்பு இன்னிக்கும் இருக்கு. அப்பா வந்து விசுவாசத்தை விட்டுடுன்னு கெஞ்சுறாரு. அவ அங்க கிடந்த ஒரு குடத்தை காட்டி, அப்பா இதை வேற பேர் சொல்லி கூப்பிட முடியுமான்னு கேக்குறா. முடியாதுங்கிறாரு. அப்ப நானும் கிறிஸ்தவள்ங்கிறத தவிர வேற எதுவும்னு சொல்லிக்க முடியாதுப்பாங்கிறா. கடைசில அரங்கத்துல செத்தா, ஃபெலிசித்தாஸ்ங்கிற அடிமைப் பொண்ணும் கூட நின்னா, அவ ஜெயில்லயே பிள்ளை பெத்தவ.

சொல்றப்போ அந்த அப்பாவ மட்டும் வில்லனா ஆக்கிடாதீங்க சிஸ்டர். அவர் தாடிய பிச்சுக்கிட்டு தரைல விழுந்து அழறாரு, பெர்பெதுவா அந்த வயசான காலத்துல அவருக்கு இப்படி ஆச்சேன்னு வருத்தப்பட்டுதான் எழுதிருக்கா.