மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் ஏ.டி.எச்.டி. மாத்திரை வேலை செய்வதில்லை

வயது 38. கவனச்சிதறல் வகை ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடு) என்று எட்டு மாதங்களுக்கு முன்புதான் உறுதியானது. வகுப்பில் துள்ளாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த சிறுமியை யார் சந்தேகப்படுவார்கள்?

தினமும் காலையில் 36 மி.கி. மெத்தில்ஃபெனிடேட், நாள் முழுதும் மெதுவாக வேலை செய்யும் வகை. மூன்று வாரம் நன்றாகவே போகிறது. மாதவிடாய்க்கு ஐந்தாறு நாள் முன்பு, மாத்திரையே போடாதது போல் ஆகிவிடுகிறது. சென்ற முறை எழுதி முடித்த அலுவலக மின்னஞ்சல் நான்கு நாள் அனுப்பப்படாமல் திரையிலேயே கிடந்தது. துவைத்த துணி இயந்திரத்துக்குள் நாறிப்போய், அதையே மூன்று முறை துவைத்தேன்.

அலாரம், பட்டியல், சீரான தூக்கம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. தைராய்டு, இரும்புச்சத்து சரியாக உள்ளன. நான்கு சுழற்சிகளாகத் தேதிவாரியாகக் குறித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே நாள்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கும் நாள்கள் அவை. மனநல மருத்துவரோ "எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான்" என்றார். மகப்பேறு மருத்துவர் மறுபடி அவரிடமே அனுப்பினார். நானாக அளவைக் கூட்டும் எண்ணமில்லை.

அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் மருத்துவரே மருந்தளவை மாற்றித் தந்த அனுபவம் உள்ளவர்கள், அவரிடம் எதைக் காட்டிப் பேசினீர்கள்?