செவிலிய மாணவியருக்குப் பேச்சுப் பயிற்சி: ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். செவிலியர் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவியருக்குப் பாடம் நடத்துகிறேன். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என நான்கு படிகளில் மருத்துவரிடம் தகவல் சொல்லும் எஸ்பார் முறையை (அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது) அவர்கள் தேர்வில் பிழையின்றி எழுதுகிறார்கள். ஆனால் பணி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தால், "தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார்" என்பதைத் தாண்டி இரத்த அழுத்த அளவுக்கு வந்து சேரவே ஒரு நிமிடம் ஆகிவிடுகிறது.

நோயாளியிடம் பேசுவது இன்னும் கடினமாக இருக்கிறது. சென்ற வாரம், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த பாட்டியிடம் ஒரு மாணவி, "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்க, அவர் "பத்து ரூபாயா, எதுக்கும்மா?" என்று முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். கேள்வியை மாற்றிக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை; என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

வகுப்பில் சக மாணவியையே நோயாளியாக நடிக்க வைத்தால் எல்லாம் சிரிப்பில் முடிந்துவிடுகிறது. வெளியாட்களை நோயாளியாக நடிக்க வைத்துப் பயிற்சி அளித்தவர்கள் இங்கு இருந்தால், அதை எப்படி ஏற்பாடு செய்தீர்கள், அறுபது பேருக்கு எவ்வாறு மதிப்பெண் இட்டீர்கள் என்பதை விளக்க வேண்டுகிறேன். பேச்சுத் தமிழில் எழுதிய உரையாடல் மாதிரிகள் இருந்தாலும் பகிரலாம். அடுத்த மாதம் இவர்களுக்கு வார்டுப் பணி தொடங்குகிறது.