முதற்குறைப் பகா எண்: ஒரு பரிந்துரை

வணக்கம்.

ட்ரன்கேட்டபிள் பிரைம் என்பது, ஒரு பக்கத்திலிருந்து இலக்கங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனாலும் பகா எண்ணாகவே இருக்கும் பகா எண். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இந்த இழையில் இதுவரை வந்தவை 'வெட்டத்தக்க பகா எண்', 'குறுக்கக்கூடிய பகா எண்', 'துண்டிப்புப் பகா எண்'. மூன்றும் எனக்கு ஒட்டவில்லை. 'தக்க', 'கூடிய' எல்லாம் ஆங்கிலச் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அது போக, எந்தப் பக்கம் வெட்டுவது என்று மூன்றுமே சொல்லவில்லை. இந்த எண்களில் அதுதானே எல்லாம்?

357686312646216567629137 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 24 இலக்கம், பகா எண். இடக்கோடியில் இருக்கும் 3-ஐ நீக்கினால் மீதி 23 இலக்கமும் பகா எண்தான். அடுத்து 5, அப்புறம் 7 என்று வெங்காயம் போல உரித்துக்கொண்டே போகலாம். கடைசியில் 9137, 137, 37, 7. நடுவில் எங்கேயும் ஒரு பகு எண் தலைகாட்டாது. பூச்சியம் கலக்காமல் இப்படி அமைந்தவை மொத்தம் 4260. அவற்றில் மிகப் பெரியது இதுதான். அதாவது, இதன் முன்னால் 1 முதல் 9 வரை எதை ஒட்டினாலும் பகு எண் ஆகிவிடும்.

வலப்பக்கம் உரித்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. 73939133-தான் உச்சம், மொத்தமே 83. வலப்பக்கம் ஒட்டுவதற்கு 1, 3, 7, 9 தவிர வேறு இலக்கம் உதவாது. இரட்டை இலக்கமோ 5-ஓ வந்தால் அங்கேயே வகுபட்டுவிடும். இடப்பக்கம் ஒன்பது இலக்கங்களுக்கும் இடமுண்டு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். தாமரை 'மரை' என்று வந்தால் முதற்குறை, நீலம் 'நீல்' என்று வந்தால் கடைக்குறை. பள்ளி இலக்கணத்தில் படித்ததுதான். இடப்பக்கம் குறைவதை முதற்குறைப் பகா எண் என்றும், வலப்பக்கம் குறைவதைக் கடைக்குறைப் பகா எண் என்றும் சொல்லலாமே? மரை என்றாலும் தாமரைதான். இங்கேயும் இலக்கம் போனாலும் பகாத்தன்மை போவதில்லை. 739397 போல இருபக்கமும் தாங்குகிறவை 15 உண்டு. அவை இருகுறைப் பகா எண்கள்.

'அக்கரச்சுதகம் இருக்கிறதே' என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு சொல்லில் எழுத்து உதிர உதிர வேறு வேறு பொருள் தரும் சொல்லணி அது. தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலின் எடுத்துக்காட்டில் கநகாரி, நகாரி, காரி என்று முன்னெழுத்து ஒவ்வொன்றாக உதிர, நரசிம்மர், முருகன், ஐயனார் என்று ஆள் மாறிக்கொண்டே போவார். அச்சு அசல் நம் 24 இலக்க எண்ணேதான். எனக்கும் ஆசைதான். ஆனால் 'அக்கரச்சுதகப் பகா எண்' என்று பாடநூலில் போட்டால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள்.

'குறை எண்' என்று மைனஸ் எண்ணைச் சொல்கிறோமே, குழம்பாதா என்பது இன்னொரு கேள்வி. முதல், கடை என்ற முன்னொட்டு இருக்கும்வரை குழம்பாது. வெறுமனே 'குறைப் பகா எண்' என்று யாரும் சுருக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. இலங்கையில் பகா எண்ணை முதன்மை எண் என்பார்கள். 'முதற்குறை முதன்மை எண்' நாக்கில் இடறுகிறது. 'தலைக்குறை முதன்மை எண்' என்றால் இடறாது, ஆனால் அப்போது இலக்கணச் சொல் கைவிட்டுப் போகிறது. அங்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இந்த இழையில் இருந்தால், எது வாயில் வருகிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.