வருகைக்குக் காத்திருந்த ஆளை நேரில் பார்த்ததுண்டா?

தேரிக்காட்டான்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன ஞாயிறு அட்வென்ட் முதல் வாரம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் இயேசுவின் வருகையை நினைத்துக் காத்திருக்கும் காலம். ஆராதனையில் "கிறிஸ்து மரித்தார், கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், கிறிஸ்து மறுபடியும் வருவார்" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மகள் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: "அப்பா, இன்னைக்கு நிஜமாவே வந்துருவார்னு நெனச்சிருந்தா ஸ்கோர் பாத்திருப்பீங்களா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன். பிரசங்கம் வேண்டாம், தானியேல் புத்தகத்தை வைத்து வருகைக்கு நாள் குறிக்கும் கணக்கு வேண்டாம். வருகைக்கு ஆயத்தமாக இருந்தார் என்று நீங்கள் கண்ணால் பார்த்த ஆள் ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். எங்கள் ஆச்சி. திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டு ஊர். தாத்தா பனையேறி, ஆச்சி கருப்பட்டி காய்ச்சுவாள். ராத்திரி ஜெபம் முடிந்ததும் அரிக்கேன் லாம்பு சிம்னியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, மண்ணெண்ணெய் மட்டம் பார்த்து, கதவோரம் வைப்பாள். வீட்டுக்குக் கரண்டு வந்து இருபது வருடம் ஆன பிறகும் இந்த வேலை நிற்கவில்லை. "உங்கள் அரைகள் கட்டினதாகவும், உங்கள் விளக்குகள் எரிகிறதாகவும்" என்று லூக்காவில் இருக்கிறதே, அதை அவள் உவமையாக எடுத்துக்கொள்ளவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது விளக்கை அல்ல. விளக்கு வைத்த பிறகு ஒரு தீப்பெட்டியைத் திறப்பாள். அதில் துண்டுத் தாள்கள். வெற்றிலைக் கடையில் ஒன்றரை ரூபாய், சுண்ணாம்புக்காரிக்கு எட்டணா, எதிர்வீட்டில் வாங்கிய ஒரு படி அரிசி. கையில் காசு இருந்தால் அந்த நேரத்திலேயே என்னை எழுப்பி அனுப்புவாள். ஒருநாள் மழை. "காலையில குடுத்தா ஆகாதா ஆச்சி?" என்று அழுதேன். "அவர் வர்ற எக்காளம் ஊதுனதுக்கப்புறம் எவன் வீட்டுக் கதவத் தட்டி ரெண்டு ரூவா குடுக்க?" என்றாள்.

ரோமர் 13ஐ வளர்ந்த பிறகுதான் ஒழுங்காக வாசித்தேன். எட்டாம் வசனத்தில் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்கிறார் பவுல். நாலு வசனம் தள்ளி, இரவு சென்றுபோயிற்று, பகல் சமீபமாயிற்று என்கிறார். நமக்கு இரண்டும் வேறு வேறு பிரசங்கம். ஆச்சிக்கு ஒரே பேச்சு.

பழைய தையல் மிஷின்:

அண்ணே, நீங்க ஆயத்தமா இருந்தவங்களைக் கேட்டீங்க. நான் தப்பா ஆயத்தமான ஒருத்தரைப் பத்தி எழுதுறேன். எங்க அப்பா.

1999. அப்பாவுக்கு டவுன்ல தையல் கடை, மூணு மிஷின், ரெண்டு ஆள் வேலை. நான் பாலிடெக்னிக் முதல் வருஷம். அப்ப ஒரு ஊழியக்காரர் (பேர் வேண்டாம், இறந்துட்டார்) எங்க பக்கம் கூட்டம் கூட்டமா நடத்தினார். 2000 தாண்டாதுன்னு நேரடியா சொல்ல மாட்டார், ஆனா கேட்டுட்டு வெளிய வர்ற எல்லாருக்கும் அதுதான் புரிஞ்சிருக்கும். அப்பாவுக்குப் புரிஞ்சது. என் ரெண்டாம் செமஸ்டர் பீஸ் கட்டலை. "எதுக்குடா?"ன்னார். கிறிஸ்துமஸ் ஆர்டர் ஒண்ணுகூட எடுக்கலை. வருஷத்துலயே காசு பார்க்குற மாசம் அது. சீட்டைத் தள்ளி எடுத்தார். ரெண்டு மிஷினை வித்து அந்த ஊழியத்துக்குக் குடுத்தார்.

டிசம்பர் 31 ராத்திரி எல்லாரும் வெள்ளைத் துணியில போய் உட்கார்ந்தோம். பன்னெண்டு அடிச்சது. வெளிய பட்டாசு. உள்ள யாரும் கண்ணைத் திறக்கலை. நான் திறந்தேன். அப்பா முகத்துல இருந்ததை என்னன்னு சொல்றதுன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியலை. ஏமாற்றம்னு சொல்லிட முடியாது. பஸ் போயிருச்சான்னு ஸ்டாண்டுல நின்னு பார்க்குற ஆள் முகம்.

விடியக்காலை நடந்து வீட்டுக்கு வந்தா வாசல்ல பால்காரர் சைக்கிளோட நிக்கிறார். "அண்ணாச்சி, ஹேப்பி நியூ இயர், மாசக் கணக்கு..." அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துட்டு, "அடுத்த வாரம் தாரேன்"ன்னார். பால்காரருக்கு ஒண்ணும் புரியலை. டிசம்பர் பூரா கணக்கு வேண்டியதில்லைன்னு அப்பா நினைச்சிருக்கார், பால் மட்டும் வாங்கியிருக்கார்!

அதுக்கப்புறம் ஒரு வருஷம் கோயிலுக்குப் போகலை. அம்மா மட்டும் போவாங்க. வித்த மிஷின்ல ஒண்ணை அதே ஆள்கிட்ட கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கினார். தச்சார். ஒருநாள் கடைக்குப் போனா மிஷினுக்கு மேல காலண்டர் அட்டையில அவர் கையெழுத்து: "ஒருவன் வேலை செய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது." தெசலோனிக்கேயர் ரெண்டாம் நிருபம், மூணாம் அதிகாரம். தெசலோனிக்கேயாவுலயும் இதே கதைதான்னு அவரே எனக்கு விளக்கினார். கர்த்தருடைய நாள் வந்துருச்சுன்னு கலக்கம், இன்னொரு பக்கம் ஒரு வேலையும் செய்யாம அலையுற கூட்டம். பவுல் அந்த ஊர்ல இருந்தப்ப இராப்பகலா வேலை செஞ்சுதான் சாப்பிட்டாராம், யாருக்கும் பாரமா இருக்கக்கூடாதுன்னு. "பவுலும் தையக்காரந்தாம்ல, கூடாரம் தச்சவரு"ன்னு சொல்லும்போது அப்பாவுக்குக் கொஞ்சம் பெருமை.

2011ல அமெரிக்காவுல ஹரோல்ட் கேம்பிங்னு ஒரு ரேடியோ பிரசங்கியார் மே 21ன்னு தேதி சொல்லி, அது போனதும் அக்டோபர் 21ன்னு மாத்தினாரே, அந்தச் செய்தியைப் பேப்பர்ல படிச்சார். அதுக்கு முந்தியே 1844ல அங்கயே வருகைக்கு நாள் குறிச்ச வில்லியம் மில்லர் கூட்டத்துல சிலர் விளைஞ்சதை அறுக்காம அக்டோபர் 22க்குக் காத்திருந்த கதையை நான் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அங்க எத்தனை தையக்காரன் மிஷினை வித்தானோ"ன்னார்.

ஒண்ணு சொல்லணும். அவர் வருகையை விடலை. கடைசி வரைக்கும் நம்பினார். ஆனா சனிக்கிழமை ராத்திரி கடையைப் பூட்டும்போது, குடுக்க வேண்டிய துணி ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாதுன்னு ஒரு பழக்கம் வந்துச்சு. ஆள் வரலைன்னா வீட்டுக்கே கொண்டு போவார். உங்க ஆச்சி தீப்பெட்டியைப் படிச்சதும் அதுதான் ஞாபகம் வந்தது.

நான் டிப்ளமோ முடிக்கவே இல்லை. அதுக்கு மன்னிச்சுட்டேனான்னு கேட்டா, பாதி.

மூணாம் வகுப்பு பயம்:

மேல உள்ள அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, சின்ன விஷயம்.

பெந்தெகொஸ்தே வீட்டில் வளர்ந்த எல்லாருக்கும் இது நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரகசிய வருகை, அதாவது இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்பது. இருவர் வயலில் இருப்பார்கள், ஒருவன் எடுத்துக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான். எட்டு வயதில் இதை வாரம் மூன்று முறை கேட்டேன். ஒருநாள் பள்ளி விட்டு வந்தால் வீடு திறந்து கிடக்கிறது, அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கிறது, ஒருவரும் இல்லை. பாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன், பூட்டு. கைகால் உதறல். முந்தின நாள் தங்கச்சி பென்சிலைத் திருடியிருந்தேன், அதனால்தான் விடப்பட்டேன் என்று உறுதியாகிவிட்டது.

கடைசிச் சோதனையாகப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தேன். மாரியம்மன் கோயிலுக்கு மாவிளக்குப் போடுகிற அத்தை அங்கேதான் இருந்தார், முறம் புடைத்துக்கொண்டு. அவர் இருந்ததுதான் எனக்கு நிரூபணம்! ஓவென்று அழுதேன்.

அத்தை ஒன்றும் கேட்கவில்லை. மடியில் இழுத்து உட்காரவைத்து, முந்தானையில் மூக்கைத் துடைத்து, சுக்குக் காப்பியும் இரண்டு முறுக்கும் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து வீட்டார் வந்தார்கள். சபையில் ஒரு தாத்தா திடீரென்று இறந்து எல்லாரும் ஓடியிருக்கிறார்கள்.

மத்தேயு 24ல் அந்த வயல்காரர்கள். அடுத்த அதிகாரத்திலேயே, பசியாயிருந்தேன், போஜனங்கொடுத்தீர்கள். அந்த அதிகாரத்தை எங்கள் சண்டே ஸ்கூலில் விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னிகை கதையோடு நிறுத்திவிடுவார்கள். நான் இப்போது சண்டே ஸ்கூல் டீச்சர். கடைசி வரை வாசிக்க வைக்கிறேன். முறுக்கு விஷயம் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

கடைத்தெரு:

எங்க மாமா, கடைசிக் காலத்துல மிருகம் எல்லாருக்கும் போடும்னு வெளிப்படுத்தலில் சொல்ற 666 முத்திரை பார்கோடுதான்னு ஊரெல்லாம் நோட்டீஸ் குடுத்தவர். அப்புறம் ஆதார். அப்புறம் தடுப்பூசி. போன மாசம் அவர் சபை காணிக்கைப் பெட்டியில கியூஆர் கோடு ஒட்டியிருக்கு. கேட்டா, "அது வாங்குறதுக்கு, போடுறதுக்கு இல்ல"ங்கிறார். வேற அனுபவம் ஒண்ணும் இல்லீங்க, போறேன்.

நைட் லோடு:

எல்லாரும் நல்லா சிரிக்கிறீங்க. பயமுறுத்தறது தப்புன்னு படிச்சவங்க சுலபமா சொல்லிரலாம். நான் லாரி ஓட்டுறவன், பெங்களூரு லைன். தொப்பூர் கணவாய் இறக்கத்துல குடிச்சிட்டு இறங்கினவன் நான். பொண்டாட்டி சொல்லி நிக்கலை, ஓனர் சொல்லி நிக்கலை. ஒரு தாபாவுல யாரோ விட்டுட்டுப் போன கைப்பிரதி, திருடன் வருகிறவிதமாய் வருவார்னு. அன்னைக்கு ராத்திரி இறக்கத்துல பின்னால ஒரு ஏர் ஹார்ன். எக்காளம்னே நினைச்சேன். சத்தியமா. ஓரங்கட்டி நிறுத்திட்டு நடுங்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பதினாலு வருஷம் ஆச்சு, தொடலை.

அந்தத் தையக்கார அப்பா விஷயம் கஷ்டமா இருக்கு. அதுல நான் சொல்ல ஒண்ணு இருக்கு. அந்த நாளையும் நாழிகையையும் பிதா தவிர ஒருத்தனும் அறியான்னு இயேசுவே சொல்லியிருக்கார்ல, அந்த "தெரியாது"தான் என்னைக் காப்பாத்துச்சு. எனக்குத் தேதி சொல்லியிருந்தா முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் குடிச்சிருப்பேன்.

பழைய தையல் மிஷின்:

நைட் லோடு அண்ணே, இதை அப்பா கேட்டிருக்கணும்.

இடையன்குடி பக்கத்து டீச்சர்:

யாராவது இப்போது, "நாளை உலகம் முடிந்தாலும் இன்று ஆப்பிள் கன்று நடுவேன் என்று லூத்தர் சொன்னார்" என்று வரப்போகிறீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: லூத்தர் எழுதியதில் அது எங்கேயும் இல்லை. இருபதாம் நூற்றாண்டில்தான் அவர் பேரில் உலவத் தொடங்கியது. நமக்கு ஆப்பிளும் வேண்டாம். தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்கிற ஊர்க்காரர்கள் நாம். எங்கள் பெரியப்பா எழுபத்திரண்டு வயதில் குளத்தங்கரையில் பனங்கொட்டை ஊன்றினார், அதே வாயால் "கர்த்தராகிய இயேசுவே, வாரும்" என்று ஜெபித்துக்கொண்டு. இதில் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குத்தான் தோன்றியது.

இடையன்குடி கோயிலையும் அப்படித்தான் பார்க்கிறேன். மிஷனரி கால்டுவெல் காலத்தில் தொடங்கி முடிக்க 33 வருடம், 1880ல்தான் பிரதிஷ்டை. அஸ்திவாரம் தோண்டியவர்களில் எத்தனை பேர் கூரையைப் பார்த்திருப்பார்கள்? உள்ளே நுழைந்தால் அவர் கல்லறை பீடத்தருகே. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் முதலில் கேட்பது, "இவ்வளவு பெரிசா கட்ட ஏன் இவ்வளவு நாளு மிஸ்?" சுண்ணாம்பு, மரம், காசு என்று ஏதோ சொல்லி வைப்பேன்.

தேரிக்காட்டான் தம்பி, ஒன்று கேட்கட்டுமா? ஆச்சி இறந்த அன்று தீப்பெட்டியில் என்ன இருந்தது?

தேரிக்காட்டான்:

டீச்சர், இதை யாரும் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

காசுப் பாக்கி எதுவும் இல்லை. ஒரே ஒரு தாள். சின்னாச்சி பேர் மட்டும், தொகை இல்லாமல். ஆச்சியின் கூடப்பிறந்த தங்கச்சி. ஒரு பாதைத் தகராறு, நாற்பது வருடத்துக்கு மேல் பேச்சில்லை. இதில் தப்பு ஆச்சி பக்கம்தான் என்று அம்மா சொல்வாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆச்சி ஒரு ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி கொடுத்துவிடுவாள். ஒவ்வொரு வருடமும் புது வருடத்துக்கு முன்னால் அது அப்படியே திரும்பி வரும், மூடியைக்கூடத் திறந்திருக்க மாட்டார்கள். ஆச்சி அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அன்று ராத்திரி சிம்னியை வழக்கத்தைவிட அதிக நேரம் துடைப்பாள். மன்னிப்புக் கேட்டு நேரில் போயிருக்கலாமே என்று எனக்கு இன்றும் கோபம் உண்டு. கருப்பட்டி போதும் என்று நினைத்துவிட்டாள்.

சின்னாச்சி இருக்கிறாள், தொண்ணூறை நெருங்குகிறாள். மகள் அந்தக் கேள்வியைக் கேட்ட மறுநாள், உடன்குடியில் இரண்டு கிலோ வாங்கி, மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் பேத்தி வாங்கி உள்ளே கொண்டு போனாள். சின்னாச்சி தூங்குகிறாள் என்றார்கள், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

இன்றோடு ஒன்பது நாள். கொட்டான் இன்னும் திரும்பி வரவில்லை.