ஜார்ஜியன் ஜன்னலை எப்படி வரைவது? உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. டியூடர் காலம் (16ஆம் நூற்றாண்டு வாக்கில்) முதல் விக்டோரியா காலம் (19ஆம் நூற்றாண்டு) வரை இங்கிலாந்து வீடுகள் மாறிய விதத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக வரைந்து வருகிறேன். டியூடர் வீடு முடிந்துவிட்டது: ஓக் மரச்சட்டம், நடுவே மண்பூச்சு, தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மாடி. மரத்துக்குக் கறுப்பு அடிக்கவில்லை. அந்தக் கறுப்பு வெள்ளை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு மோகம்; வெயிலும் மழையும் பட்ட சாம்பல் நிறம்தான் எனக்கு அழகாகப் படுகிறது.

சிக்கல் ஜார்ஜியன் வீட்டில், அதாவது ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட 18ஆம் நூற்றாண்டு வாக்கில் கட்டிய வீட்டில். 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் கட்டட விதிகள் இறுகின. 1709இல் வந்த சட்டம் ஜன்னலின் மரச்சட்டகத்தைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. 1774இல் வந்த சட்டம் அந்தச் சட்டகத்தைச் செங்கலுக்குப் பின்னால் மறைக்கவே சொன்னது. இதனால் முகப்பில் விழும் நிழலே மாறுகிறது! நேர்முகப் படத்தில் இந்த வித்தியாசத்தைக் கோட்டின் தடிமனில் காட்டுவதா, நிழலிலா? கட்டடக்கலை படித்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், லண்டனில் இருப்பவர்கள் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால், பழைய ஜன்னல் ஒன்றைப் பக்கவாட்டில், கிட்டத்திலிருந்து படமெடுத்து அனுப்ப முடியுமா? 1696 முதல் 1851 வரை இருந்த ஜன்னல் வரிக்குப் பயந்து செங்கல் வைத்து அடைத்த ஜன்னல் கண்ணில் பட்டால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.