ரோட்டு மேல கரண்ட் கம்பி போட்டா, காசு யார் போடறது?

கடலூர் லாரிக்காரன்:
எனக்கு ரெண்டு லாரி. சிப்காட்ல லோடு ஏத்தி சென்னை போகும், ரிட்டர்ன் லோடு கிடைச்சா புண்ணியம். ஜெர்மனியில லாரி கூரையில ரயில் எஞ்சின் மாதிரி கொம்பு வச்சு, கம்பியைத் தொட்டுக்கிட்டே ஓடற வீடியோவை மகன் காட்டினான். டீசல் பில்லை நினைச்சா ஆசையாத்தான் இருக்கு. ஆனா கம்பி இல்லாம நான் வண்டி வாங்க மாட்டேன். வண்டி இல்லாம எவனும் கம்பி போட மாட்டான். கம்பிச் செலவை டோல்ல ஏத்திட்டா டீசல் வண்டிக்காரனும் சேர்ந்து அழணும். இன்னொண்ணு, 2011 டிசம்பர் 30, தானே புயல் அன்னிக்கு இங்கதான் இருந்தேன். ஊரே இருட்டு. அப்படிக் கம்பி அறுந்து கிடந்தா என் வண்டி டியூவை யார் கட்டுவா?

விழுப்புரம் ஓஎச்ஈ:
ரயில்வேல ஓஎச்ஈ, அதாவது ரயிலுக்கு மேல போற கரண்ட் கம்பி வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். ரயில்ல இந்தச் சிக்கலே வராது தம்பி. கம்பியும் எஞ்சினும் ஒரே முதலாளி. போட்டதை டீசல் மிச்சத்துல எடுத்துக்கலாம். ரோட்டுல கம்பி ஒருத்தனது, வண்டி ஆயிரம் பேரோடது. ஜெர்மனியில ஏ5 சாலையில 2019ல ஓட விட்டது அரசு காசுல நடந்த சோதனை. ஸ்வீடன்ல ஈ20 சாலையில ஓடற வண்டிக்குக் கரண்ட் தர்ற வசதி போட 21 கிலோமீட்டருக்கு டெண்டர் விட்டு, வந்த விலை பட்ஜெட்டைத் தாண்டினதால 2023ல நிறுத்திட்டாங்க.

பாண்டி கணக்குப்பிள்ளை:
அண்ணா, ரோடு கான்ட்ராக்ட் கம்பெனியில கணக்கு பார்க்கறேன். விழுப்புரம்–நாகப்பட்டினம் நாலுவழிச் சாலையை எப்படிப் போட்டாங்களோ அதையே கம்பிக்கும் செய்யலாம். ஹைப்ரிட் ஆன்யுட்டி. வேலை நடக்கும்போது அரசு 40 சதவீதம் தரும். மீதி 60ஐ கட்டறவர் கைக்காசும் கடனுமா போடணும். அதை அரசு 15 வருஷம், ஆறு மாசத்துக்கு ஒரு தவணையா வட்டியோட திருப்பும். வண்டி வந்தாலும் வராட்டியும் தவணை வரும், அதனால பேங்க் கடன் கிடைக்கும். கம்பிக்கு முதல் சில வருஷம் வண்டியே இருக்காது. அந்த நஷ்டத்தை அரசைத் தவிர யாரும் தாங்க முடியாது.

ஆனா தவணையில ஒரு கொக்கி போடணும்: கம்பியில கரண்ட் இருந்த நாளுக்கு மட்டும் காசு. உங்ககிட்ட மாச வாடகை கேட்கக் கூடாது. வண்டியில மீட்டர், இழுத்த யூனிட்டுக்கு ஃபாஸ்டேக் மாதிரி தானா கழியட்டும். புயலை மட்டும் ஒப்பந்தத்துல 'கடவுள் செயல்'னு எழுதித் தப்பிச்சிடுவாங்க. டியூ உங்க தலையிலதான்.

விழுப்புரம் ஓஎச்ஈ:
கம்பி இல்லாத நாள்ல வண்டி நிக்காது. ஜெர்மனியில ஓட்டினதுல டீசல் எஞ்சினும் கூடவே இருந்தது. என்னைக் கேட்டா லாரிக்கு முன்னாடி பாண்டி–கடலூர் பஸ்ஸுக்குப் போடணும். காலையிலேர்ந்து ராத்திரி வரை அதே ரோடு. மாசம் எத்தனை யூனிட்னு முன்கூட்டியே சொல்லலாம். பேங்க்காரன் கேக்கறதும் அதைத்தானே.

கடலூர் லாரிக்காரன்:
அப்ப பஸ்காரங்க முன்னால போகட்டும். கன்னியக்கோயில்கிட்ட ஜாம்ல நிக்கறப்போ சும்மா சார்ஜ் ஏறிடுமா சார்?

விழுப்புரம் ஓஎச்ஈ:
ஏறும், கொஞ்சமா. நின்ன எடத்துல நிறைய இழுத்தா கொம்பு தொடற எடம் சூடாகி கம்பியே போயிடும்.